பொன்னை உரைப்பவர் யார்?

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தையாருக்கு வயது எழுபத்து மூன்று. பேரனைக் காலேஜில் சேர்ப்பதற்குப் பணம் போதவில்லை. சென்ற வருஷம் ஒரு நாள் தம்முடைய நான்கு வளையல்களையும் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, ஒரு பாங்கிக்கு அடகு வைக்கப் புறப்பட்டார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

அந்த வளையல்கள் 1994-ம் ஆண்டில் வாங்கியவை. நான்கும் சேர்ந்து நாலு சவரன். அதாவது முப்பத்திரண்டு கிராம். இருபத்திரண்டு காரட் என்று சொல்லி, அந்த விலைக்கே கடைக்காரர் விற்றிருந்தார்.

பாங்கியில் இருந்த நகை மதிப்பீட்டாளர் வயதானவர். பரம்பரையாகப் பொன் வேலை செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். முதல் வளையலை உரைகல்லில் தேய்த்தார். பக்கத்தில் மாற்றுத் தெரிந்த பொன் ஆணி ஒன்றையும் தேய்த்தார். ஒரு சொட்டுத் திராவகம் விட்டுப் பார்த்தார். மற்ற மூன்று வளையல்களையும் அவ்வாறே பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, இது இருபத்திரண்டு இல்லை. பதினெட்டுக்கு மேல் நான் எழுத முடியாது" என்றார்.

"முப்பது வருஷமாய் என் கையில் கிடக்கிறது, ஐயா! ஒரு நாளாவது கறுத்ததில்லையே!" என்றார் அத்தை.

"கறுப்பது வேறு, அம்மா, மாற்று வேறு" என்றார் அவர்.

அத்தைக்கு அவர் வார்த்தையில் நம்பிக்கை ஏற்படவில்லை. மறுநாள் அரசாங்க அங்கீகாரம் பெற்ற ஒரு பரிசோதனை நிலையத்துக்கு வளையல்களைக் கொண்டு போனோம். அங்கும் அதே முடிவுதான் வந்தது: ஆயிரத்துக்கு எழுநூற்று ஐம்பது பங்கு பொன், பாக்கி வேறு உலோகம். இருபத்திரண்டு காரட்டாயிருந்தால் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துப் பதினாறு பங்கு இருந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு சவரனில் ஐந்து கிராமுக்கு மேல் சுத்தப் பொன் குறைந்திருந்தது. அவ்வளவு எடைக்குச் செம்பையும் வெள்ளியையும் பொன் விலை கொடுத்து வாங்கி, முப்பது வருஷம் பத்திரமாய்ப் பாதுகாத்திருக்கிறார் அத்தை!

விற்ற கடைக்காரர் காலமாகிப் பத்து வருஷமாகிறது. கடையும் இல்லை. கையில் இருந்த ரசீதோ வெறும் துண்டுச் சீட்டு. அதில் எடையும் தொகையும் உண்டு, மாற்று இல்லை. "அந்த மனுஷர் என்னை ஏமாற்றினாரா, அல்லது அவரையே வேறு யாராவது ஏமாற்றினார்களா? அதுகூடத் தெரியவில்லையே!" என்றார் அத்தை.

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அரிசியில் கல் இருந்தால் பல்லுக்குத் தெரியும். பாலில் தண்ணீர் இருந்தால் காய்ச்சும்போது தெரியும். பொன்னில் கலந்த செம்பு மட்டும், விற்கவோ அடகு வைக்கவோ போகிற கஷ்ட காலம் வரையில் வாயைத் திறப்பதில்லை. ஆகையால் நமக்காகப் பொன்னைச் சோதித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் யார்? அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பவர் யார்? அவரையே சோதிப்பவர் யார்?

வண்ணக்கரும் சராப்பும்

இந்தக் கேள்விகள் இன்று நேற்று உண்டானவையல்ல. சங்கப் புலவர்களில் வண்ணக்கன் என்ற அடைமொழி கொண்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். நாணயத்தின் நோட்டம் பார்ப்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். பொன்னின் தரத்தைச் சொல்லும் தொழில், புலவருடைய பெயரோடு சேர்த்து வழங்கும் அளவுக்கு மதிப்புப் பெற்றிருந்தது. பிற்காலத்தில் சராப்பு என்ற சொல் வந்தது. பெயர் மாறினாலும் வேலை மாறவில்லை. தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. இரண்டில் ஒன்று கெட்டால் மற்றதும் கெட்டுவிடும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் போலும்!

கௌடில்யருடைய அர்த்த சாஸ்திரத்தில் பொன்னுக்கென்றே ஓர் அத்தியட்சகர் உண்டு. பொன் வேலை நடக்கும் சாலைக்கு ஒரே வாசல்தான் இருக்க வேண்டும் என்பது முதல், உரைகல் எப்படி இருக்க வேண்டும் என்பது வரையில் சட்டம் சொல்லப்பட்டிருக்கிறது. பொன்னைக் களவாட ஐந்து வழிகள் உண்டென்று அந்நூல் வகைப்படுத்துகிறது. நகக்கண்ணில் காவித் தூளை ஒளித்து வைத்துக் கொண்டு, உரைத்த கோட்டின் நிறத்தை உயர்த்திக் காட்டும் தந்திரங்கூட அதில் வருகிறது. இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் எழுதியவர், அவ்வளவு நுணுக்கமான திருட்டையும் பார்த்திருக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். மதுரையில் நடந்த அநீதிக்கு மூல காரணம் என்ன? பொற்கொல்லன் ஒருவனுடைய வார்த்தையைப் பரிசோதனை இல்லாமல் அரசன் ஏற்றுக்கொண்டான். அந்தப் பொற்கொல்லனோ அந்த வழக்கில் சம்பந்தப்பட்டவன். உண்மை எப்போது வெளிவந்தது? சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று சபை நடுவில் பார்த்தபோதுதான். முதலில் செய்திருக்க வேண்டிய சோதனையைக் கடைசியில் செய்தார்கள். ஒரு நகரமே எரிந்தது.

"தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்" என்று தட்டானைப் பற்றி ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. உழைத்துப் பிழைக்கும் ஒரு சமூகத்துக்கு அந்தப் பழமொழி பெரிய அநீதியைச் செய்திருக்கிறது. என் அத்தையிடம் உண்மையைச் சொன்ன மதிப்பீட்டாளரும் அந்தச் சமூகத்தவர்தான் என்பதை மறக்கலாகாது. ஒரு கூட்டத்தாரைச் சந்தேகிப்பது பரிகாரம் ஆகாது. செய்தவனே தன் சரக்குக்குச் சாட்சி சொல்லக் கூடாது என்ற விதிதான் பரிகாரம்.

லண்டனில் விழுந்த முத்திரை

இந்த விதியை நெடுங்காலமாக நடத்திக் காட்டியவர்கள் ஆங்கிலேயர். 1300-ம் ஆண்டில் முதலாம் எட்வர்டு அரசன் ஒரு சட்டம் செய்தான். பொற்கொல்லர் சங்கத்துக் காவலர்கள் பட்டறை பட்டறையாகச் சென்று வெள்ளிச் சாமான்களைச் சோதித்து, தரமானவற்றின்மீது சிறுத்தைத் தலை முத்திரை இட வேண்டும் என்பது அச்சட்டம். 1478-ல் இன்னொரு மாறுதல் வந்தது. காவலர்கள் கடைக்குப் போவதை விட்டு, சாமான்களே சங்கத்தின் மண்டபத்துக்கு வரவேண்டும் என்றார்கள். சம்பளம் வாங்கும் பரிசோதகர் ஒருவரையும் நியமித்தார்கள். மண்டபத்தில் இடும் முத்திரையாகையால் அதற்கு 'ஹால்மார்க்' என்று பெயர் வந்தது.

அதே வருஷத்தில் ஆரம்பித்த மற்றொரு வழக்கம் முக்கியமானது. முத்திரையோடு ஓர் எழுத்தையும் பொறித்தார்கள். அது வருஷத்துக்கு வருஷம் மாறியது. எந்த ஆண்டில் எந்தப் பரிசோதகர் பொறுப்பில் இருந்தபோது இந்தச் சாமான் தேறியது என்பதை அந்த எழுத்து காட்டிக் கொடுக்கும். அதாவது முத்திரை சாமானுக்கு மட்டுமல்ல. சோதித்தவருக்கும் சேர்த்தே விழுந்தது. பரிசோதகரைப் பரிசோதிக்கும் வழி அதுதான்.

நம் நாட்டில் நடந்தது

சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1947 ஜனவரியில், சரக்குகளுக்குத் தரம் விதிப்பதற்காக ஒரு ஸ்தாபனம் நம் நாட்டில் ஏற்பட்டது. அதுவே பின்னால் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆயிற்று. ஆனால் பொன் விஷயத்தில் சர்க்கார் முதலில் எடுத்த வழி வேறு.

1962-ல் சீன யுத்தம் முடிந்து, அன்னியச் செலாவணிக்குத் திண்டாட்டம் ஏற்பட்டிருந்த சமயம். 1963 ஜனவரியில், நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் காலத்தில், பொன் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. பதினாலு காரட்டுக்கு மேற்பட்ட நகையே செய்யக் கூடாது என்று உத்தரவு! பொன் மோகத்தை ஒழிக்க வேண்டும் என்பது நோக்கம். ஒழிந்தது மோகமல்ல, பட்டறைகள்தான். ஆயிரக்கணக்கான பத்தர் குடும்பங்கள் வேலை இழந்து தவித்தன. 1966-ல் அந்தத் தடையை நீக்க நேர்ந்தது.

பிறகு 1968-ல் பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. வியாபாரிக்கு லைசென்சு, பொற்கொல்லருக்குச் சர்ட்டிபிகேட் என்று ஏற்பாடு. லைசென்சு கொடுப்பதற்குச் சொன்ன நிபந்தனைகளோ, விண்ணப்பதாரரின் 'பொருத்தம்', 'பொது நலன்' என்று, அதிகாரி இஷ்டப்படி பொருள் கொள்ளக் கூடியவை. 1969-ல் சுப்ரீம் கோர்ட்டு அத்தகைய பிரிவுகள் சிலவற்றைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. 1990-ல் அந்தச் சட்டமே ரத்தாயிற்று.

இந்தக் கதையிலிருந்து நாம் கற்கத் தக்கது ஒன்று உண்டு. யார் தொழில் செய்யலாம் என்பதை அதிகாரியின் மனப்போக்குக்கு விட்டால் தொழிலும் வளராது, பொன்னும் சுத்தமாகாது. அளந்து காட்டக் கூடிய தகுதிகளை விதித்து, அவற்றை நிறைவேற்றுகிற எவருக்கும் அங்கீகாரம் கொடுத்து, நிறைவேற்றாதவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும். 2000-ம் ஆண்டு ஏப்ரலில் தர நிர்ணய அமைவனம் தொடங்கிய தங்க முத்திரைத் திட்டம் இந்த வழியைச் சேர்ந்தது. வெள்ளிக்கு 2005-ல் முத்திரை வந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் இது இஷ்டமிருந்தால் செய்துகொள்ளும் காரியமாகவே இருந்தது. 2021 ஜூன் 16 முதல், முதலில் 256 ஜில்லாக்களில், முத்திரையில்லாத தங்க நகையை விற்கக் கூடாது என்ற கட்டாயம் பிறந்தது. 2023 செப்டம்பரில் இந்த ஜில்லாக்களின் எண்ணிக்கை 343 ஆயிற்று.

நெருப்பு சொல்லும் தீர்ப்பு

பரிசோதனை நிலையத்தில் என்னதான் செய்கிறார்கள்? முதலில் எக்ஸ்-கதிர் யந்திரம் ஒன்றில் நகையை வைக்கிறார்கள். சில விநாடிகளில் அது விடை சொல்லிவிடும். ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே. உள்ளே வேறு உலோகத்தை வைத்து மேலே கனமான பூச்சுப் பூசினால் யந்திரமும் ஏமாறக் கூடும். ஆகையால் இறுதித் தீர்ப்பு நெருப்பிடம் விடப்பட்டிருக்கிறது.

ஒரே வகையான நகைகளின் தொகுதியிலிருந்து கால் கிராமும் அதற்குக் குறைவுமான மாதிரிப் பொன்னைச் சுரண்டி எடுத்து நிறுக்கிறார்கள். அதனுடன் வெள்ளி சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி, சாம்பல் போன்ற பொருளால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து, ஏறக்குறைய ஆயிரத்து ஐம்பது டிகிரி வெப்பமுள்ள உலையில் இடுகிறார்கள். ஈயம் உருகி, செம்பு முதலிய மட்ட உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிப் போகிறது. பொன்னும் வெள்ளியும் சேர்ந்த ஒரு சிறு மணி மிஞ்சுகிறது. அதைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டி, வெடியுப்புத் திராவகத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்து போகும். எஞ்சி நிற்பது தனிப் பொன் சுருள். அதை நிறுத்து முதல் எடையோடு ஒப்பிட்டால் மாற்றுத் தெரிந்துவிடுகிறது. சுத்தப் பொன் துண்டு ஒன்றையும் கூடவே அதே உலையில் இட்டு, முறையில் பிழை நேர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள். நம் பத்தர்கள் புடம் போடுவதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றேதான். தராசுதான் இப்போது மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கையும் காட்டுகிறது.

இந்த வேலையைச் செய்ய அங்கீகாரம் வேண்டுகிற நிலையம், அதற்கென்று எழுதப்பட்ட இந்திய நியமங்களின்படி நடக்க வேண்டும். தராசு, உலை, பயிற்சி பெற்ற ஆட்கள், கணக்குப் புத்தகங்கள் எல்லாம் தணிக்கைக்கு உட்பட்டவை. எல்லாவற்றுக்கும் மேலாக, நிலையம் நகை வியாபாரத்தினின்றும் விலகி நடுநிலையில் நிற்க வேண்டும். முறை தவறினால் அங்கீகாரத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். நகை வியாபாரியோ அமைவனத்தில் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டால் போதும். அதற்குக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்யும் சிறு கடைக்காரருக்கும், இரண்டு கிராமுக்கு உட்பட்ட சிறு நகைகளுக்கும் கட்டாயத்திலிருந்து விலக்கு அளித்தே திட்டம் தொடங்கிற்று.

ஆறு எழுத்தின் மகிமை

தேறிய நகையின்மீது மூன்று குறிகள் பொறிக்கப்படுகின்றன: அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22கே916 என்பது போன்ற மாற்று, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த ஆறு இலக்க அடையாளம். மூன்றாவது குறி 2021 ஜூலை முதல் வழக்கத்துக்கு வந்தது. அந்த அடையாளம் இல்லாத தங்க நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் உத்தரவாயிற்று.

இந்த ஆறு இலக்கம் ஒரு நகைக்கு இருப்பது மற்றொன்றுக்கு இராது. கைத்தொலைபேசியில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியைத் திறந்து அதை இட்டால், பதிவு பெற்ற வியாபாரி, சோதித்த நிலையம், முத்திரையிட்ட தேதி, நகையின் வகை, மாற்று ஆகிய விவரங்கள் வருகின்றன. கையில் இருப்பது வளையலாயிருக்க, செயலி மோதிரம் என்று சொன்னால் உடனே விழித்துக்கொள்ளலாம்! லண்டனில் 1478-ல் ஓர் எழுத்து செய்த வேலையை இங்கே ஆறு எழுத்து செய்கிறது. சோதித்தவர் யார் என்று அது சொல்லிவிடுகிறது.

வியாபாரிகள் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நகைக்கும் தனி எண் என்றால் தாமதமாகும், சிறு கடைகளுக்குச் சிரமம் என்று சொல்லி 2021 ஆகஸ்டு 23-ந் தேதி நாட்டின் பல பாகங்களில் கடையடைப்புச் செய்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடுவதற்கில்லை. நிலையங்கள் பெரிய ஊர்களில் நெருங்கியும் சிற்றூர்களுக்குத் தூரமாயும் இருந்தால், பெரிய கடைக்காரருக்குச் சௌகரியமாகவும் சின்னப் பட்டறைக்காரருக்குத் தண்டனையாகவும் விதி முடியும். 1963-ன் பாடத்தை மறக்கக் கூடாது.

மற்றொரு குறையும் உண்டு. முத்திரைக் கட்டணம் செலுத்துகிறவர் வியாபாரி. 2022-ல் நிர்ணயித்தபடி நகை ஒன்றுக்கு 45 ரூபாய். தனக்குக் கூலி கொடுக்கிறவருடைய சரக்கையே 'தேறவில்லை' என்று சொல்ல நிலையத்துக்குத் துணிவு வேண்டும். எல்லாருக்கும் அந்தத் துணிவு இராது. ஆகையினால்தான் கடைவீதியில் விற்கும் முத்திரை நகைகளை மாதிரி எடுத்து மறுபடி சோதிப்பதும், நிலையங்களை அறிவிப்பின்றிப் பார்வையிடுவதும் அவசியமாகின்றன. இவை தளர்ந்தால் முத்திரை வெறும் கீறலாகிவிடும்.

வாங்குகிறவர் கடமை

நாம் செய்யக் கூடியது என்ன? முதலாவது, குறிகளைப் பூதக் கண்ணாடியில் பார்க்கக் கேட்க வேண்டும். அதைக் காட்டுவது கடைக்காரரின் கடமை. இரண்டாவது, துண்டுச் சீட்டு வேண்டாம். மாற்று, எடை, செய்கூலி, முத்திரைக் கட்டணம் எல்லாம் எழுதிய ரசீது வேண்டும். முத்திரை நகையில் சொன்ன மாற்றுக் குறைந்தால், அக்குறைவின் மதிப்பைப் போல் இரு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குச் சேர வேண்டும் என்று 2018-ம் ஆண்டு விதிகள் சொல்லுகின்றன. ரசீது இல்லாமல் இந்த உரிமையைச் சாதிப்பது கடினம். மூன்றாவது, 'கே.டி.எம்.' என்ற எழுத்துக்களைக் கண்டு மயங்கக் கூடாது. அது காட்மியம் கலந்த பற்றுப் பொடியைக் குறிக்கும் பேச்சே தவிர, சுத்தத்துக்கு அத்தாட்சி அல்ல. அந்த உலோகத்தின் புகை பட்டறையில் ஊதுகிறவரின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் விஷம்.

நான்காவது, வீட்டில் இருக்கும் பழைய நகைகளை வைத்திருப்பது குற்றமல்ல. முத்திரையில்லை என்பதற்காக யாரும் அவற்றைப் பறிமுதல் செய்ய மாட்டார்கள். சந்தேகம் இருந்தால், அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் எவரும் சோதித்துக்கொள்ளலாம். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி நான்கு உருப்படிகள் வரையில் 200 ரூபாய், வரி தனி. கஷ்ட காலத்தில் தெரிந்துகொள்வதைவிடச் சாவகாசமாயிருக்கும்போது தெரிந்துகொள்வது மேல்.

நம் நாட்டுப் பெண்கள் பொன்னை அலங்காரத்துக்காக மட்டும் அணிவதில்லை. பாங்கிக் கணக்கு இல்லாத காலத்திலும், சொத்தில் பங்கு இல்லாத காலத்திலும், தன்னுடையது என்று ஒரு பெண் சொல்லிக்கொள்ளக் கூடியதாக இருந்தது அவள் கையிலும் கழுத்திலும் கிடந்ததுதான். அதில் குறைகிற ஒவ்வொரு கிராமும் ஆபத்துக் காலத்தில் அவள் கைக்கு வராமற் போகிற பணம். பரிசோதனை நிலையத்துக்கு அங்கீகாரம் கொடுப்பதும் ரத்து செய்வதும் ஏதோ காரியாலயக் காகித விஷயமாகத் தோன்றலாம். அந்தக் காகிதத்தின் மறு முனையில் இருப்பது யாரோ ஒரு பேரனுடைய காலேஜுச் சம்பளம்.

அத்தை வளையல்களை அடகு வைக்கவில்லை. பதினெட்டு காரட் கணக்கிலேயே விற்றுவிட்டார். குறைந்த தொகைக்குக் கடன் வாங்கிச் சமாளித்தோம். மாசி மாதத்தில் பேத்திக்குத் தோடு வாங்க என்னுடன் கடைக்கு வந்தார். கடைக்காரர் விலையைச் சொல்ல வாயெடுக்குமுன், "பூதக் கண்ணாடி இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டார். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. சிரித்துக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

ஆறு எழுத்தையும் அத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் கைத்தொலைபேசியில் இட்டேன். விவரம் சரியாயிருந்தது. அதன் பிறகுதான் பணப்பையின் சுருக்கை அவிழ்த்தார்.